பிறேக் பெடல் மெல்ல இறங்கினால் பிறேக் பாட் மட்டும் மாற்றிப் பயனில்லை

தம்பி, காரைநகரிலிருந்து தினமும் யாழ்ப்பாணம் ஓடும் உங்கள் ஆல்ட்டோ காரில், பிறேக்கை மிதித்தபடி நிற்கும்போது பெடல் மெல்லக் கீழே போகிறது, கராச்சில் பிறேக் பாட் (சில்லோடு சுழலும் தட்டை அழுத்திப் பிடிக்கும் கட்டை) மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பாட் தேய்ந்தால் கீச்சென்று சத்தம் வரும், பிறேக் ஒயில் மட்டமும் கொஞ்சம் இறங்கும். ஆனால் பெடல் இப்படிப் போகாது.

முதலில் பின் சில்லுகளின் உட்பக்கத்தைப் பாருங்கள். ட்ரம் (பின் பிறேக்கை மூடியிருக்கும் வட்டக் கூடு) ஓரத்தில் ஈரம் இருந்தால், அதற்குள் ஒயில் அழுத்தத்தால் பிறேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறது. அப்புறம் காருக்கு அடியில் போகும் பிறேக் ஒயில் இரும்புக் குழாய்களை டோர்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொன்னாலைப் பாலத்து உப்புக்காற்று அவற்றைச் சும்மா விடாது. எங்கும் கசிவில்லை, ஒயிலும் குறையவில்லை என்றால் பெரும்பாலும், பெடலை மிதிக்கும்போது ஒயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள் சீல்தான் போயிருக்கும்.

எதை மாற்றினாலும் பிறேக் குழாய்களுக்குள் இருக்கும் காற்றை எடுத்துப் புது டொட் 3 வகைப் பிறேக் ஒயில் விடச் சொல்லுங்கள். அது ஈரத்தை உறிஞ்சும், 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. எஞ்சின் ஒயிலை மட்டும் ஊற்ற விடாதீர்கள், றப்பர் எல்லாம் ஊதிப் பழுதாகிவிடும்.

சரிசெய்யும் வரை தயவுசெய்து பஸ்ஸில் போங்கள்.