நகை மேல் டாப்-அப் போட்டு ஏடிவி வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 41. மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பிடித்தம் போக கையில் வருவது மாதம் 68,000 ரூபாய். திருவொற்றியூரில் 14,000 ரூபாய் வாடகை வீடு. மகள் ஒன்பதாவது படிக்கிறாள். மனைவியின் நகை 24 சவரன் அடகில் இருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன்பு மனைவியின் தம்பி லாரி வாங்கும்போது 3 லட்சத்துக்கு வைத்தது. வருடா வருடம் மாற்றி வைத்து இப்போது 6 லட்சத்தில் நிற்கிறது. வட்டி ஒரு தடவைகூட தவறியதில்லை.

நண்பர்களோடு மீஞ்சூர் தாண்டிப் போய் சேற்றில் வண்டி ஓட்டிப் பழகிவிட்டேன். சேறு, மணல் எதிலும் ஓடும் நாலு சக்கர பைக்கான ஏடிவி ஒன்றை, ஃபோர் வீல் டிரைவில், சொந்தமாக வாங்க ஆசை. இம்போர்ட் ஆன செகண்ட் ஹேண்டில் 450 சிசி 5 லட்சம், 570 சிசி ஆறேகால் லட்சம் சொல்கிறார்கள். 570 எடுத்து சேற்று டயர், புதைந்தால் கயிறு கட்டி இழுக்கும் வின்ச் எல்லாம் போட்டால் 7 லட்சம். தங்கம் ஏறியிருப்பதால் அதே நகை மேல் இன்னும் 5 லட்சம் ஆப்பிலேயே டாப்-அப் தருகிறார்கள். மிச்சத்துக்கு 2 லட்சம் பர்சனல் லோன் போடலாம் என்று இருக்கிறேன். பொன்னேரி பக்கம் தனக்கு இருக்கும் நிலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு விட்டால் வண்டியே தன் கடனை அடைத்துவிடும், லாபத்தில் பாதிப் பாதி என்கிறார் மச்சான். மனைவி இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. கல்யாண வீடுகளுக்குக் கவரிங் போட்டுக்கொண்டு போகிறாள். 450 போதுமா, 570 எடுக்கலாமா?

பதில்: சிசி கணக்குக்கு அப்புறம் வருகிறேன். "வட்டி ஒரு தடவைகூட தவறியதில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, முதலில் அதைப் பேசிவிடலாம்.

ஆறு வருடத்தில் கடன் 3 லட்சத்திலிருந்து 6 லட்சம் ஆகியிருக்கிறது. சராசரியாக நாலரை லட்சம், வட்டி 11 சதவீதம் என்று குத்துமதிப்பாக வைத்தாலும் வருடத்துக்கு ஐம்பதாயிரம் வட்டி. ஆறு வருடத்துக்கு 3 லட்சம். முதன்முதலில் வாங்கிய தொகை முழுவதையும் வட்டியாகவே கொடுத்து முடித்துவிட்டீர்கள். அசல் குறையாதது மட்டுமல்ல, இரண்டு மடங்காகி உட்கார்ந்திருக்கிறது.

இத்தனை வருடமாக மாற்றி வைக்கும் நாளில் பொதுவாக என்ன நடந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். கவுன்ட்டரில் பழைய சீட்டைக் கொடுக்கிறீர்கள். அன்றைய கிராம் விலையைப் போட்டு, பழைய கணக்கை முடித்து, புதுக் கணக்கு திறந்து, வட்டியைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை உங்கள் அக்கவுன்ட்டில் போடுகிறார்கள். நீங்கள் நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறீர்கள். நகையைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. உங்கள் விஷயத்திலும் இப்படித்தான் நடந்தது என்றால், தவறாமல் வட்டி கட்டியது நீங்கள் இல்லை, அந்த நகை. பழைய சீட்டுகளை எடுத்துப் பாருங்கள், எந்தெந்த வருடம் உங்கள் சம்பளத்திலிருந்து வட்டி போனது என்று தெரிந்துவிடும்.

இதுதான் உங்கள் வீட்டுப் பிரச்சினை. ஏடிவி இல்லாவிட்டால் வேறு ஏதாவது ஒன்று வந்திருக்கும். தங்கம் ஏறும்போதெல்லாம் கூடுதலாக வாங்கலாம் என்ற பழக்கம் இருக்கும் வரை அந்த 24 சவரன் வீட்டுக்கு வராது.

இந்த ஆப் டாப்-அப் சமாசாரம் வேறு. படுக்கையில் படுத்தபடி ரெண்டு தட்டு தட்டினால் 5 லட்சம் வருகிறது என்பதை வசதி என்று விளம்பரப்படுத்துகிறார்கள். மனைவி முகத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை அந்த வசதி தவிர்த்துவிடுகிறது என்பதுதான் எனக்கு உறுத்தல். அதோடு, விலை உச்சத்தில் இருக்கும்போது முழுக்க வாங்கினால், விலை சரியும் நாளில் இடைவெளியை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். 2013 ஏப்ரலில் தங்கம் சில நாட்களிலேயே கடுமையாகச் சரிந்தது. நிரப்ப முடியாவிட்டால் ஏலம்தான். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த நகைக்கடன் விதிகளையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 5 லட்சத்துக்கு மேல் போனால் நகை மதிப்பில் 75 சதவீதம்தான் உச்சவரம்பு. இரண்டரை லட்சத்தைத் தாண்டினாலே உங்களால் திருப்பிக் கட்ட முடியுமா என்று பார்க்க வேண்டும். மொத்தமாகக் கடைசியில் கட்டும் வகைக் கடனுக்கு 12 மாதம்தான் கெடு, சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகுதான் புதுப்பிக்கலாம்.

சரி, நீங்கள் சொன்னபடியே வாங்கினால் என்ன ஆகும்? நகைக்கடன் 11 லட்சம். வட்டி மட்டும் மாதம் பத்தாயிரம். பர்சனல் லோன் 2 லட்சம், 15 சதவீதம், மூன்று வருடம் என்றால் தவணை ஏழாயிரம். ஆக 17,000. வாடகையும் சேர்த்தால் 31,000. அரிசி, பால், பள்ளிக் கட்டணம் எதுவும் தொடங்குவதற்கு முன்பே சம்பளத்தில் பாதி கிட்டத்தட்ட போய்விட்டது. இவ்வளவு கட்டிய பிறகும் நகைக்கடனின் அசல் 11 லட்சமாகவே இருக்கும்.

வண்டியின் சொந்தச் செலவைப் பார்ப்போம். இம்போர்ட் ஏடிவியைச் சாதாரண வண்டியாக ஆர்டிஓவில் பதிவு செய்ய முடியாது, பதிவில்லாமல் ரோட்டில் இறக்கவும் முடியாது. (2020-ல் போலாரிஸ், ஸ்போர்ட்ஸ்மேன் 570-ஐ டிராக்டராகப் பதிவு செய்யும்படி சுமார் 8 லட்சத்துக்கு இங்கே கொண்டுவந்தது. அது விவசாய வேலைக்கென்று வந்த ஏற்பாடு. உங்களுக்குக் காட்டிய செகண்ட் ஹேண்ட் வண்டிக்கு அது தானாகப் பொருந்தாது.) ஆகவே திருவொற்றியூரிலிருந்து ஒவ்வொரு தடவையும் குட்டியானையில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். போகவர வாடகையும் பெட்ரோலும் சேர்த்து ஐயாயிரம் என்று வையுங்கள். மாதம் ரெண்டு தடவை போனால் வருடத்துக்கு 1.2 லட்சம். பெல்ட், பேரிங், சர்வீஸ் ஒரு 40,000. புதுக் கடனுக்கு வட்டி சராசரியாக 70,000. 7 லட்சத்து வண்டி மூன்று வருடத்தில் 4 லட்சத்துக்குப் போனாலே அதிர்ஷ்டம், அந்தத் தேய்மானம் வருடத்துக்கு ஒரு லட்சம். மொத்தம் 3.3 லட்சம். 24 தடவையால் வகுத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு 13,000 ரூபாய்க்கு மேல். ஈசிஆர் பக்கம் ஏடிவி ஓட்ட விடும் இடங்கள் இருக்கின்றன. அங்கே போய் ஆசை தீர ஓட்டிவிட்டு, குடும்பத்தோடு பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தாலும் இதில் பாதிகூட ஆகாது.

உங்கள் பக்கத்துச் சேறு சாதாரணச் சேறும் இல்லை. எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரை பெரும்பாலும் உப்புத்தண்ணீர் கலந்த மண். ஓட்டி முடித்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் பேரிங், பிரேக் எல்லாம் துருப்பிடிக்கும், ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும். வாடகை வீட்டில் அவ்வளவு தண்ணீருக்கும், அதை நிறுத்துவதற்கும் எங்கே போவீர்கள்? பழவேற்காடு சரணாலயத்துக்குள்ளோ வனத்துறை நிலத்திலோ அனுமதி இல்லாமல் இறக்கினால் அது தனிக் கதை.

மச்சானின் யோசனைக்கு வருவோம். ஒரு சுற்றுக்கு 300 ரூபாய் என்றால், மாதத் தவணை 17,000 வரவே 57 பேர் ஓட்ட வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கு 14, 15 பேர், மழை நாளிலும்கூட. பெட்ரோல், ஆள் கூலி, ஹெல்மெட் எல்லாம் சேர்த்தால் 20 பேரைத் தாண்டும். பாதிப் பங்கு அவருக்குப் போவதாக இருந்தால் 40. அதற்கப்புறம் நீங்கள் எப்போது ஓட்டுவது? சேற்றில் சாய்ந்தால் உருண்டுவிடும் வண்டி இது. யாராவது ஒரு பையன் கையை முறித்துக்கொண்டால் வழக்கமான மோட்டார் இன்சூரன்ஸ் இருக்காது, அவன் அப்பா உங்களைத்தான் தேடி வருவார். உங்களுடைய விபத்து பாலிசியிலும் சாகச விளையாட்டுக்கு விலக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பலவற்றில் இருக்கும்.

நிலம் அவருடையது, கடன் உங்களுடையது, நகை அவருடைய அக்காவுடையது. இதில் பாதிப் பாதி எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. லாரிக்குக் கொடுத்த 3 லட்சம் திரும்பி வந்ததா என்று நீங்கள் எழுதவே இல்லை. வந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். லாரி ஓடிக்கொண்டிருந்தால் மாதம் 5,000 ரூபாயாவது அக்கா அக்கவுன்ட்டில் போடச் சொல்லுங்கள். மனைவி கேட்கட்டும் என்று ஒதுங்கிக்கொள்ளாதீர்கள், கையெழுத்துப் போட்டவர் நீங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். அடுத்த முறை புதுப்பிக்கும்போது 6 லட்சத்தையும் ஒரே பொட்டலமாக வைக்காதீர்கள். இரண்டிரண்டு லட்சமாக மூன்று கடனாகப் பிரிக்கச் சொல்லுங்கள், மூன்றும் மாதத் தவணை வகையில். ஒரே பொட்டலமாக இருந்தால் பல இடங்களில் கடைசி ரூபாய் கட்டும் வரை ஒரு தோடுகூட வெளியே வராது. மனைவி கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போகும் ஆரத்தையும் வளையலையும் முதல் பொட்டலத்தில் வையுங்கள். எதெது என்று அவரே பிரிக்கட்டும். ஏடிவிக்காகக் கட்டத் தயாராக இருந்தீர்களே, அதே 17,000-ஐ இதில் கட்டுங்கள். முதல் பொட்டலத்துக்கு முன்னுரிமை கொடுத்தால் பதினாறு பதினேழு மாதத்தில் அது வீட்டுக்கு வந்துவிடும். மச்சானின் ஐயாயிரமும் சேர்ந்தால் ஒரு வருடத்துக்குள்ளேயே. மொத்தக் கடனும் மூன்றரை வருடம், அவர் தந்தால் இரண்டேமுக்கால் வருடத்தில் முடியும். அறுந்தது, நசுங்கியது, யாரும் போடாதது ஏதாவது இருந்தால் இப்போதைய விலைக்கு விற்று அசலில் கட்டலாமா என்றும் கேட்டுப் பாருங்கள். பலருக்குப் பிடிக்காத யோசனை, ஆனால் கணக்கு சரியாக வரும். முடிவு உங்கள் மனைவியுடையது.

இனி, நீங்கள் கேட்ட கேள்வி. கடன் முடிந்து, ரொக்கம் சேர்த்து வாங்கும் காலம் வந்தால் 450 தாராளமாகப் போதும். சேற்றில் சிசியைவிட டயரும், லோ கியரும், முன் சக்கரம் இரண்டையும் சேர்ந்தே சுழல வைக்கும் டிஃப் லாக்கும்தான் வேலை செய்யும். பெரிய வண்டி பெரும்பாலும் கனமான வண்டி, புதைந்தால் அவ்வளவு சுலபத்தில் வெளியே வராது. போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன், யமஹா கோடியாக், சுசுகி கிங்குவாட் எல்லாம் பெல்ட்டில் ஓடுபவை. பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போனால் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. ஹோண்டா ரான்சர் 420-லும் ஃபோர்மேன் 520-லும் பெல்ட் கிடையாது, கியர்தான். எதுவானாலும் ஸ்பேர் பார்ட்ஸ் சென்னையில் யாரிடம் கிடைக்கும் என்று வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள். ஆர்சி இல்லாத வண்டிக்கு வாங்கிய பில்லும் சுங்கத்துறையின் இறக்குமதிப் பத்திரமான பில் ஆஃப் என்ட்ரியும்தான் ஆதாரம். அதில் இருக்கும் சேசிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரும் ஒத்துப்போகாவிட்டால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.