தலைக்கு மட்டுமா தலையணை?

போன மாதம் முதுகுவலிக் கடிதம் ஒன்றுக்குப் பதில் எழுதும்போது, "எப்படிப் படுக்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்து விழுந்த கடிதங்கள்தான் இந்த முறை. 22 வருடமாக பிசியோதெரபி செய்கிறேன். என்னிடம் வருகிறவர்கள் பகலில் செய்யும் வேலையை நிமிடக் கணக்கில் சொல்வார்கள். ராத்திரி ஏழு எட்டு மணி நேரம் உடம்பு எப்படிக் கிடந்தது என்று கேட்டால் விழிப்பார்கள்.

கேள்வி: எனக்கு 41 வயது. நாள் முழுக்க கம்ப்யூட்டர் வேலை. காலையில் எழுந்தால் கழுத்து இடது பக்கம் திரும்பாது. ஒரு மணி நேரம் போனால் சரியாகிவிடும். இரண்டு வருடத்தில் நான்கு தலையணை மாற்றிவிட்டேன். கடைசியாக வாங்கியது மெமரி ஃபோம். எந்தத் தலையணை நல்லது, மேடம்?

நான்கு தலையணையைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். ஒருக்களித்துப் படுப்பவரா, மல்லாந்து படுப்பவரா என்று மட்டும் எழுதவில்லை. அது தெரியாமல் தலையணை சொல்வது, கால் அளவு கேட்காமல் செருப்பு கொடுப்பது மாதிரி.

மல்லாந்து படுக்கும்போது கழுத்துக்கும் மெத்தைக்கும் நடுவில் சின்ன இடைவெளிதான் இருக்கும். ஒருக்களித்துப் படுத்தால் தோளின் அகலம் முழுக்க இடைவெளி. அதை அடைப்பதுதான் தலையணையின் வேலை. அடைத்தது போதவில்லை என்றால் தலை கீழ்ப்பக்கம் தொங்கும். அதிகமானால் மேல்பக்கம் ஒடியும். தலையின் எடை சுமார் 5 கிலோ. அதை ராத்திரி முழுக்க ஒரு பக்கமாகச் சாய்த்துத் தாங்கிய கழுத்து, காலையில் திரும்ப மாட்டேன் என்று சொல்வதில் என்ன தப்பு?

உங்கள் அளவை வீட்டிலேயே எடுக்கலாம். சுவரில் ஒரு பக்கத் தோள் படும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். தலை நேராக இருக்கட்டும். சுவருக்கும் தலையின் பக்கத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று வீட்டில் யாரையாவது ஸ்கேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது தலை வைத்து அழுங்கிய பிறகும் தலையணை ஏறக்குறைய அந்த உயரம் நிற்க வேண்டும். மெத்தை மெத்தென்று இருந்தால் தோள் உள்ளே புதையும், அதனால் கொஞ்சம் குறைவாகவே போதும். மெத்தையை மாற்றிய பிறகு பழைய தலையணை திடீரென்று ஒத்துவராமல் போவதற்கும் இதுதான் காரணம். யாரும் மெத்தையைச் சந்தேகப்படுவதில்லை, பழி தலையணைக்குத்தான்.

அளவு சரியா என்று பார்க்க இன்னொரு வழி: ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு முன்பக்கமிருந்து செல்போனில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். மூக்கு, முகவாய், மார்பின் நடு எலும்பு மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மூக்கு மெத்தைப் பக்கம் இறங்கியிருந்தால் உயரம் போதவில்லை. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஒரு துண்டை மடித்துத் தலையணை உறைக்குள், தலையணைக்கு அடியில் சொருகுங்கள். மடிப்பைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். மல்லாந்து படுப்பவராக இருந்தால் தலையணை தாழ்வாக இருக்கட்டும், சின்னத் துண்டுச் சுருள் ஒன்று கழுத்து வளைவுக்குக் கீழே வரட்டும். இரண்டிலும் தலையணை மேல் தலையும் கழுத்தும் மட்டும்தான். தோளையும் ஏற்றிப் படுக்கிறவர்களுக்கு எந்த அளவும் பலிக்காது.

ஒரே ராத்திரியில் தீர்ப்பு எழுதாதீர்கள், இரண்டு வாரம் கொடுங்கள். கையில் மரத்துப்போதல், விரல்களில் பலம் குறைதல், பொத்தான் போடத் தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம் இவற்றில் ஒன்று இருந்தாலும் துண்டைத் தூரப் போட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: குப்புறப் படுத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். மாற்றியே ஆக வேண்டுமா?

கழுத்தும் இடுப்பும் வலிக்கவில்லை என்றால் நான் உங்களை எழுப்ப மாட்டேன். வலித்தால் மாற்றுங்கள், குப்புறப் படுத்து மூச்சு விட, தலையை முழுசாக ஒரு பக்கம் திருப்பித்தான் ஆக வேண்டும். ஒரு நீளத் தலையணையைக் கட்டிக்கொண்டு பாதி குப்புற, பாதி ஒருக்களித்துப் படுக்கப் பழகுவது சுலபமான முதல் படி. அதுவரைக்கும் தலைக்கடியில் தலையணை வைக்காமல், அடிவயிற்றுக்குக் கீழே ஒரு மெல்லியதை வையுங்கள், இடுப்பு தொய்யாது.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால்தான் வலி குறைகிறது என்கிறார். பிசியோதெரபிஸ்ட் வந்தால் அதை எடுத்துவிட்டுப் போகிறார். அவர் போனதும் நாங்கள் திரும்ப வைக்கிறோம். பாவமாக இருக்கிறது, வைக்கலாமா?

அந்தத் தலையணையை எடுத்துவிட்டுப் போகிற ஆள் நான்தான்! உங்கள் வீட்டுக்கு வந்ததில்லை, ஆனால் எத்தனையோ வீடுகளில் எடுத்திருக்கிறேன், நான் படியிறங்குவதற்குள் அது திரும்ப வந்துவிடும்.

அம்மா சொல்வது பொய்யில்லை. வீங்கிய மூட்டு லேசாக மடங்கியிருந்தால் உள்ளே அழுத்தம் குறையும், இதமாக இருக்கும். அந்த இதம்தான் வம்பு. ராத்திரி முழுக்க மடங்கிக் கிடக்கிற முழங்காலின் பின்பக்கத் தசையும் ஜவ்வும் அந்த நீளத்துக்கே சுருங்கிவிடும். அப்புறம் கால் நேராக நீளாது. நீளாத காலில் நின்றால் தொடைத் தசை ஓயாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். நாலு அடி நடந்தாலே அசதி, விந்தல் வேறு. புது மூட்டு நன்றாகத்தான் இருக்கும், நடை மட்டும் பழைய நடையாகவே நிற்கும்.

என் வீட்டிலும் நடந்ததுதான் இது. என் அத்தைக்கு அறுவை சிகிச்சை முடிந்த பிறகு நான் வெளியூரில் மூன்று வாரம் இருந்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு பெரிய திண்டு. அதை எடுத்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே என் கையை விட்டுப் பார்த்தேன். கட்டிலில் படிந்திருக்க வேண்டிய இடத்தில் என் முஷ்டி தாராளமாகப் போய் வந்தது. அந்த ஒரு முஷ்டி இடைவெளியை அடைக்க எங்களுக்கு நாலு மாதம் ஆனது. அத்தை அந்த நாலு மாதமும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

தலையணையைக் கீழே இறக்குங்கள். கணுக்காலுக்கு அடியில் ஒரு சுருட்டிய துண்டு, முழங்கால் அந்தரத்தில். காலின் எடையே அதை மெல்ல நீட்டும். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று ஒரு நாளைக்குப் பல தடவை செய்யட்டும், கூடவே முழங்காலை மெத்தையோடு அழுத்திப் பிடித்து விடட்டும். வீக்கத்துக்குக் காலை உயர்த்த வேண்டுமென்றால் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை முழுக் காலையும் நேராகத் தாங்குகிற மாதிரி வையுங்கள். உங்கள் அறுவை சிகிச்சை மருத்துவர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் சொல்வதுதான் சட்டம். ஆனால் வலிக்கு மருந்தும் ஐஸும் கேளுங்கள், தலையணையைக் கேட்காதீர்கள்.

கேள்வி: படுத்தவுடன் நெஞ்செரிச்சல், தொண்டை வரை புளிப்பாக எதுக்களிக்கிறது. மூன்று தலையணை அடுக்கியும் பலனில்லை.

அடுக்கியதால்தான் பலனில்லை. மூன்று தலையணையில் தலையும் கழுத்தும் ஏறுகிறது, வயிறு மடங்குகிறது. மடங்கிய வயிற்றில் அழுத்தம் கூடி, அமிலத்தை மேலே தள்ளும். உயர வேண்டியது இடுப்பிலிருந்து மேல் உள்ள உடம்பு முழுவதும், ஒரு சரிவு மாதிரி. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரக் கட்டைகளை ஆடாமல் வைக்கலாம், அல்லது முக்கோண வடிவச் சரிவுத் தலையணை வாங்கலாம். பக்கமாகப் படுத்தால் இடது பக்கம். இரைப்பையின் பை இடதுபுறம் இருக்கிறது. இடது பக்கம் படுத்தால் அமிலம் கீழே தேங்கும், உணவுக்குழாயின் வாய் அதற்கு மேலே இருக்கும். வலது பக்கம் திரும்பினால் நிலைமை தலைகீழ். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் படுக்கை. விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, கறுப்பாக மலம் போவது இருந்தால் இது தலையணை விஷயமில்லை, உடனே மருத்துவர்.

கேள்வி: எனக்கு இது கர்ப்பத்தின் 31வது வாரம். இடது பக்கம்தான் படுக்க வேண்டும் என்றார்கள். நேற்று ராத்திரி கண் விழித்தால் மல்லாந்து கிடக்கிறேன். அப்புறம் பயத்தில் தூக்கமே வரவில்லை.

பயப்படாதீர்கள் அம்மா. விழித்தீர்கள், திரும்பிப் படுத்தீர்கள், அவ்வளவுதான் செய்ய வேண்டியது. 28 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுக்க வேண்டாம் என்று சொல்வது, கர்ப்பப்பையின் பாரம் கீழ் உடம்பிலிருந்து இதயத்துக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயை அழுத்துவதால். அந்தக் குழாய் முதுகெலும்புக்கு வலப்புறமாக ஓடுகிறது. இடதுக்கு இத்தனை மரியாதை அதனால்தான். வலது பக்கம் படுத்தாலும் தவறில்லை. தூங்கப் போகும்போது ஒரு பக்கமாகப் படுங்கள், பகல் தூக்கத்திலும் அப்படியே. முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை முட்டுக் கொடுத்துவிட்டால் தூக்கத்தில் முழுசாக மல்லாக்க முடியாது. வயிற்றுக்கு அடியில் ஒரு மெல்லியது. கால்களுக்கு நடுவில் ஒன்று, அது முழங்காலோடு நின்றுவிடாமல் கணுக்கால் வரை போகட்டும். இல்லாவிட்டால் மேல் கால் முன்னால் சரிந்து இடுப்பை முறுக்கும். இந்தக் கடைசித் தலையணை, இடுப்புவலி உள்ள எல்லோருக்குமே பொருந்தும், ஆண்களுக்கும்தான்.

கேள்வி: இரண்டு மாதக் குழந்தைக்குத் தலை உருண்டையாக வர ஏதாவது தலையணை?

வேண்டாம். ஒரு வயது வரை எந்தத் தலையணையும் வேண்டாம், மூச்சு அடைத்துக்கொள்ளும் அபாயம் உண்டு. மல்லாத்தி, சமமான கெட்டிப் படுக்கையில் தூங்கட்டும். விழித்திருக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் குப்புறப் போடுங்கள், தலை தட்டையாவது குறையும்.

கேள்வி: தோள் இறுகிப்போய் கையைத் தூக்க முடியவில்லை. பகலைவிட ராத்திரிதான் உயிர் போகிறது. எந்தப் பக்கம் படுத்தாலும் வலி.

தெரியும். 47 வயதில் எனக்கும் இடது தோள் இறுகியது. அதற்கு முன்னால் எத்தனையோ பேருக்கு "கைக்கு ஒரு தலையணை வையுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். நானே வைத்துப் படுத்த முதல் ராத்திரிதான் தெரிந்தது, தடித்த தலையணை தோளை முன்னால் தள்ளுகிறது, ராத்திரி இரண்டு மணிக்கு வழுக்கிக் கீழேயும் விழுகிறது.

கடைசியில் கைகொடுத்தது நாலாக மடித்த குளியல் துண்டு. மல்லாந்து படுத்து, அதை மேல்கையிலிருந்து முழங்கை வரை அடியில் விட வேண்டும். முழங்கை தோளைவிடத் தாழ்ந்து பின்னால் விழாமல் இருந்தால் போதும், வலி பாதியாகும். உள்ளங்கை வயிற்றின்மேல் இருக்கட்டும். பக்கமாகப் படுப்பதானால் வலியில்லாத பக்கம்தான். ஒரு கனத்த தலையணையைக் கட்டிக்கொண்டு, வலிக்கிற கையை முழுசாக அதன்மேல் கிடத்துங்கள். துண்டால் தோள் இளகாது. பயிற்சிதான் இளக்கும், அதற்கும் மாதக் கணக்கு ஆகும். ஆனால் தூங்கி எழுந்தவருக்குத்தான் பயிற்சி செய்யத் தெம்பு வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இறுகுவது அதிகம், அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. ஒரு தலையணையில் படுப்பவர், இரண்டு மாதமாக இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டே போகிறார். போன வாரம் இரண்டு தடவை எழுந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கேட்டால் முதுகு ஒத்துக்கவில்லை என்கிறார். அவருக்கு ஏற்ற நல்ல தலையணை ஒன்று சொல்லுங்கள் மேடம்.

இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே இதழின் அலுவலகத்தில் சொல்லி உங்களைத் தொலைபேசியில் அழைக்கச் சொன்னேன், அழைத்தார்கள். இதே மாதிரி அப்பா உள்ள மற்ற வீடுகளுக்காக இங்கே எழுதுகிறேன்.

இதயம் சரியாக இறைக்காதபோது, படுத்தவுடன் காலில் தேங்கியிருந்த நீர் ரத்தத்தில் திரும்பி வந்து நுரையீரலில் நீர் கோக்கும். படுத்தால் மூச்சு முட்டும், உயரமாகச் சாய்ந்தால் ஆசுவாசம். பாதி ராத்திரியில் திணறி எழுந்து உட்காருவதும் இதில் சேர்ந்ததுதான். இதய மருத்துவர்கள் நோயாளியிடம் "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?" என்று கேட்பது இதற்காகத்தான். பெரியவர்கள் இதை மூச்சு என்று சொல்ல மாட்டார்கள். முதுகு, வாயு, புழுக்கம் என்று வேறு எதையாவது சொல்வார்கள். நுரையீரல் நோயிலும் இப்படி வரலாம், பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

இவருக்கு நான் தலையணை எதுவும் சொல்லப் போவதில்லை. இப்போதைக்கு அவர் கேட்கிற உயரத்தில் சாய்த்துப் படுக்க வையுங்கள், "இத்தனை எதுக்குப்பா" என்று ஒன்றை உருவாதீர்கள். கால் வீங்கியிருக்கிறதே என்று நீங்களாகக் காலுக்கு அடியிலும் ஒன்று வைக்காதீர்கள். கணுக்காலை விரலால் அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா, சில நாளில் எடை கூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிரு நாளைக்குள் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ அந்த நிமிடமே ஆம்புலன்ஸ். அங்கே போய் முதுகுவலி என்று ஆரம்பிக்க அப்பாவை விடாதீர்கள். எந்த மாதத்தில் இரண்டாவது தலையணை வந்தது, எப்போது மூன்றாவது, நாற்காலிக்கு எத்தனை தடவை போனார் என்று ஒரு தாளில் எழுதி நீங்களே கையில் கொடுங்கள்.