ஜிக்கில் ஏறாத பளபளப்பு: பவுடர் பெயிண்ட் கேள்வி பதில்

வீட்டிலேயே ஈயம் வார்த்து ஜிக் (தூண்டில் முள் பதித்த, எடையுள்ள செயற்கை இரை) செய்கிறவர்கள் அனுப்பியிருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. டப்பாவில் வெள்ளிபோல மின்னும் பொடி, ஜிக்கின்மேல் ஏறியதும் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடுகிறது என்பதே அக்குறை. நான் பவுடர் கோட்டிங், அதாவது பொடியை உலோகத்தின்மேல் படியவிட்டுச் சூட்டில் வேகவைத்து இறுகவைக்கும் தொழிலில் இருந்தவன். தூண்டில் வீசுவதில் உங்களில் பலர் என்னைவிடத் தேர்ந்தவர்கள். ஆகவே பூச்சு, சூடு, பொடி ஆகியவை பற்றிக் கேட்டால் விரிவாகச் சொல்கிறேன். மற்றவற்றுக்கு என்னிடமிருந்து ஒரு வரிதான் வரும்.

ஈசூனிலிருந்து ஒருவர்: ஐயா, குரோம் என்று எழுதியிருக்கும் பொடியை வாங்கினேன். ஹீட் கன்னால் (சூடான காற்றை ஊதும் கருவியால்) ஜிக்கைச் சூடாக்கி, பொடியில் முக்கி எடுத்தேன். கண்ணாடிபோல வரும் என்று பார்த்தால் சிமெண்ட் பூசியதுபோல் இருக்கிறது. பொடி போலியா?

பொடி போலியில்லை. குரோம் பொடி என்று விற்கப்படுவதில் குரோமியம் கிடையாது. நிறமற்ற பிசினோடு மிக மெல்லிய அலுமினியச் செதில்களைச் சேர்த்திருப்பார்கள். அச்செதில்கள் பரப்புக்கு இணையாக, ஓடு வேய்ந்ததுபோல ஒன்றையொன்று தழுவிப் படுத்தால்தான் ஒளி ஒரே திசையில் திரும்பி வந்து நம் கண்ணுக்கு உலோகமாகத் தெரியும். தாறுமாறாக நின்றால் ஒளி நாலாபுறமும் சிதறிச் சாம்பலாகிவிடும்.

நீங்கள் செய்ததில் செதில்கள் படுப்பதற்கு அவகாசமே இல்லை. தொழிற்சாலையில் மின்னூட்டத் துப்பாக்கியால் குளிர்ந்த உலோகத்தின்மேல் பொடியை மெல்லியதாகப் படியவிட்டு, பிறகு அடுப்பில் ஏற்றுவார்கள். பொடி நிதானமாக உருகிப் பரவும்போது செதில்களும் படுத்துக்கொள்ளும். நாமோ சூடேறிய ஜிக்கைப் பொடிக்குள் முக்குகிறோம். பட்ட இடத்தில் பட்டபடியே பிசின் ஒட்டிக்கொள்கிறது, அதுவும் தேவைக்கு மேல் தடிமனாக.

இதற்கு மாற்றாக நான் சொல்வது, முக்குவதை விட்டுவிட்டுத் தட்டித் தூவுவது. மிருதுவான ஓவியத் தூரிகையைப் பொடியில் தோய்த்து, ஜிக்குக்கு மேலே பிடித்து, தூரிகையின் காம்பை விரலால் தட்டுங்கள். ஜிக்கின் சூடு, விழுந்த பொடி ஓரிரு விநாடிக்குப் பிறகு ஈரமாக மாறும் அளவுக்கு இருந்தால் போதும்; விழுந்தவுடனேயே பளபளவென்று உருகி ஓடினால் சூடு அதிகம், மணல்போல அப்படியே கிடந்தால் குறைவு. மெல்லிய ஒரு படலம் விழுந்ததும் நிறுத்திவிட்டு, மிச்ச வேலையை ஓவனிடம் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, அடியில் இருக்கும் பரப்பு. வார்ப்பில் வந்த பிசிறு, அச்சின் கோடு, விரல் ரேகை ஆகிய எல்லாவற்றையும் உலோக நிறம் பெரிதாக்கிக் காட்டும். வெள்ளைப் பூச்சு மன்னித்துவிடுகிற குறையை வெள்ளிப் பூச்சு மன்னிக்காது. அரத்தால் பிசிறெடுத்து, 400 எண் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, அதன்பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். நனைத்துத்தான் தேய்க்க வேண்டும். உலர்வாகத் தேய்த்தால் ஈயத் தூசு பறந்து நுரையீரலுக்குள் போகும்.

புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து: டப்பாவில் 350 டிகிரி என்று போட்டிருக்கிறது. என் ஓவனின் திருகு 250 வரைதான் போகிறது. முழுச் சூட்டில் வைத்து ஹீட் கன்னையும் சேர்த்துக் காட்டலாமா?

கூடவே கூடாது. அது ஃபாரன்ஹீட். அமெரிக்காவில் செய்யப்படும் பொடி என்றால் அந்த 350, நம் கணக்கில் 177 டிகிரி செல்சியஸ். பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடம் போதும். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உங்கள் ஓவன் உண்மையாகவே 350 வரை போயிருந்தால், கம்பியில் தூண்டில் முள் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும், ஜிக் தட்டில் குட்டையாகக் கிடக்கும்.

திருகில் எழுதியிருக்கும் எண்ணையும் நம்ப வேண்டாம். சிறிய டோஸ்டர் ஓவனில் சூட்டுக்கம்பி அணைந்து எரிவதற்குள் வெப்பம் ஏகமாக ஏறி இறங்கும். ஜிக் தொங்கும் உயரத்திலேயே ஒரு ஓவன் வெப்பமானியை மாட்டி வைத்து, அது காட்டுவதைக் கணக்கில் கொள்ளுங்கள். சூட்டுக்கம்பிக்கும் ஜிக்குக்கும் நடுவே அலுமினியத் தாள் ஒன்றை மறைப்பாக வைத்தால் ஒரு பக்கம் மட்டும் கருகுவது நிற்கும்.

செங்காங்கிலிருந்து ஒரு சகோதரி: வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பதால் ஈயம் வேண்டாமென்று பிஸ்மத் கலவையில் வார்க்கிறோம். அதற்கும் இதே முறைதானா?

நல்ல வேளை, வார்த்ததை ஓவனில் வைப்பதற்கு முன்பே கேட்டீர்கள். எந்தக் கலவை என்பதுதான் இங்கே முக்கியம். 58 விழுக்காடு பிஸ்மத்தும் 42 விழுக்காடு வெள்ளீயமும் சேர்ந்த கலவை 138 டிகிரியிலேயே உருகும். பொடி வேகும் சூட்டுக்கு அது தாங்காது. அதற்குப் பவுடர் பெயிண்ட் ஒத்துவராது. மைக்கா நிறமியைப் புற ஊதா விளக்கில் இறுகும் பிசினில் கலந்து பூசுங்கள், அழகாகவே வரும். தனி வெள்ளீயத்தில் வார்த்தால் உருகுநிலை 232 டிகிரி. 177இல் தாராளமாக வேகவைக்கலாம். ஆனால் ஹீட் கன்னை ஓரிடத்திலேயே நிறுத்திப் பிடிக்க வேண்டாம். பிள்ளைகளை நினைத்து ஈயத்தைத் தவிர்த்தது முற்றிலும் சரி. பாதிப்பே ஏற்படுத்தாத ஈய அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

ஜூரோங் வெஸ்டிலிருந்து: அண்ணே, தனி ஓவன் வாங்கத்தான் வேண்டுமா? கேக் செய்கிற ஓவனை நன்றாகக் கழுவினால் ஆகாதா?

ஆகாது. ஈயம் வைத்த ஓவனில் உணவு வைக்கக் கூடாது; உணவு வைக்கும் ஓவனில் ஈயம் வைக்கக் கூடாது. முன்பு சுங்கை ரோட்டுத் திருட்டுச் சந்தையில் பழைய ஓவன் மலிவாகக் கிடைத்தது, அது 2017இல் மூடப்பட்டுவிட்டது. இப்போது இணையத்தில் இரண்டாம் கையாக விற்கிறவர்களிடம் தேடுங்கள். வாங்கியதும் அதன் கதவில் ‘ஈயம், உணவுக்கு அல்ல’ என்று அழியாத மையில் எழுதி வையுங்கள், வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும் பணிப்பெண்ணுக்கும் தெரிய வேண்டும். மேலும், 2,000 வாட் ஹீட் கன்னையும் 1,200 வாட் ஓவனையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் 3,200 வாட்; பலகை தாங்கும் 13 ஆம்பியர் என்பது 230 வோல்ட்டில் 2,990 வாட்டோடு முடிந்துவிடுகிறது.

பொங்கோலிலிருந்து: பூச்சில் குமிழிகள் வருகின்றன. சில ஜிக்கில் ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளி புள்ளியாக இருக்கிறது.

இவை இரண்டும் வேறு வேறு நோய்கள். குமிழி, வார்ப்பின் நுண்துளைகளில் அடைபட்ட காற்றும் ஈரமும் வெளியேறுவதால் வருவது. பூசுவதற்கு முன் வெறும் ஜிக்கை, வேகவைக்கும் சூட்டைவிடச் சற்றே கூடுதலாக, 190 டிகிரியளவில் சிறிது நேரம் ஓவனில் வைத்தெடுத்தால் அந்தக் காற்று முன்கூட்டியே போய்விடும். ஆரஞ்சுத் தோல், பூச்சு தடித்துப்போனதாலோ ஓவனின் சூடு மிக மெதுவாக ஏறியதாலோ வருவது. ஓவனை முதலில் சூடாக்கிவிட்டுப் பிறகு ஜிக்கை மாட்டுங்கள்.

பிடோக்கிலிருந்து: குரோம் பூச்சின்மேல் கிளியர் கோட் (நிறமற்ற மேற்பூச்சு) கட்டாயம் போட வேண்டும் என்று சொல்லுங்கள் ஐயா. தெம்பனிஸ் நண்பர் வேண்டாம் என்கிறார்.

தெம்பனிஸிலிருந்து: கிளியர் போட்டதும் குரோம் செத்துவிடுகிறது. நான் படம் எடுத்தே காட்டியிருக்கிறேன். அவர் தம்முடைய ஜிக்கை வெயிலில் வைத்துப் பார்த்ததே இல்லை.

மீண்டும் பிடோக்: அவருடைய ஜிக் பிடோக் படகுத்துறையில் ஒரு வாரம் உப்புத் தண்ணீரில் அடிபட்ட பிறகு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

நீங்கள் இருவரும் எனக்கு அனுப்பியவற்றைத் தொகுத்தால் ஒரு சிறுநூலே போடலாம். இருவர் சொல்வதும் உண்மை; ஆனால் நீங்கள் பேசுவது இருவேறு பொடிகளைப் பற்றி.

அலுமினியச் செதில்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகைக்கு ஸ்டியரிக் அமிலம் போன்ற கொழுப்புப் பூச்சு இருக்கும். உருகிய பிசினில் அது நனையாமல் மேலே மிதந்து வந்து, மேற்பரப்பில் படுத்துக்கொள்ளும். கண்ணாடிக்கு அருகில் வரும் மினுக்கம் இதில்தான் கிடைக்கும். ஆனால் செதிலுக்கு மேலே அதைக் காக்கப் பிசின் இல்லை. விரலால் தேய்த்தால் விரலில் ஒட்டும், உப்புக் காற்றில் கறுக்கும். இரண்டாவது வகை பிசினுக்குள்ளேயே அமிழ்ந்து நிற்கும். மினுக்கம் சற்றுக் குறைவு, உழைப்பு அதிகம். உங்களிடம் இருப்பது எது என்று அறிய, வேகவைத்து ஆறிய ஜிக்கை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் வெள்ளிக் கறை பட்டால் முதல் வகை.

தெம்பனிஸ் நண்பரே, உங்களுடையது முதல் வகை. அதன்மேல் கிளியர் பொடியைப் போட்டால், உருகும் பிசின் செதில்களை நனைத்து, படுத்திருந்தவற்றை எழுப்பிவிடுகிறது. நீங்கள் சொன்ன சாவு அதுதான். பிடோக் நண்பரே, உங்களுடையது இரண்டாவது வகையாகத்தான் இருக்க வேண்டும். கிளியர் அதற்கு ஆழம் கொடுக்கும், கெடுக்காது. ஆக, வெள்ளிக் கறை படும் பொடிக்கு மேலே கிளியர் பொடியைத் தவிர்த்து, முழுதாக வெந்து ஆறிய பிறகு எபாக்சியோ புற ஊதாப் பிசினோ பூசுங்கள். கொஞ்சம் மங்கும்தான், எதுவும் போடாமல் கடலில் வீசினால் மங்குவதைவிட அது குறைவு.

தெம்பனிஸிலிருந்து: எபாக்சி மஞ்சளாகிவிடுமே?

வெயிலில் நாளடைவில் மஞ்சளிக்கும். நீர்த்தேக்கத்துக்கு மட்டும் போகிறவர் கிளியரே இல்லாமல் வீசிப் பார்க்கலாம். கடலுக்குப் போகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. இந்த வழக்கு இத்துடன் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம்.

மீண்டும் பிடோக்: அப்படியென்றால் நான் சொன்னதுதானே சரி?

அடுத்த கேள்வி.

அங் மோ கியோவிலிருந்து: மீன்தொட்டி காற்று பம்பை வைத்துப் பொடியைக் கொதிப்பதுபோலப் பொங்க வைக்கும் கிண்ணம் செய்தேன். தங்க நிறப் பொடி முதலில் நன்றாக வந்தது, போகப்போக வெறும் மஞ்சளாகிவிட்டது. கட்டியும் தட்டுகிறது. ஜிக்கை மெழுகுவத்தியில் சூடாக்குகிறேன்.

மூன்று விஷயங்கள், கடைசியில் இருப்பதுதான் அவசரம். மெழுகுவத்தியை முதலில் அணையுங்கள். காற்றில் பறக்கும் நுண்பொடி தீப்பற்றும், அலுமினியம் கலந்தது இன்னும் எளிதாகப் பற்றும். பொடி பொங்கும் கிண்ணத்தின் அருகே திறந்த சுடர் இருக்கவே கூடாது, வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சமையலறையில் அறவே கூடாது. கரியும் படிந்து நிறத்தைக் கெடுக்கும் என்பது அதற்கு அடுத்த காரணம்.

தங்கம் மஞ்சளானதற்குக் காரணம், உங்கள் பொடியில் உலோகச் செதிலும் பிசினும் ஒட்டாமல் வெறுமனே கலக்கப்பட்டிருப்பது. காற்றூட்டினால் எடைக்கேற்ப இரண்டும் பிரிந்துவிடும். செதிலைப் பிசின் துகளோடு சூட்டில் ஒட்டவைத்த பொடிகள் விற்கப்படுகின்றன, விலை கூடுதல்; அவற்றை மட்டும் பொங்கும் கிண்ணத்தில் போடுங்கள். மற்றதை டப்பாவோடு குலுக்கி, மேலே சொன்னபடி தூரிகையால் தட்டுங்கள். கட்டி தட்டுவது நம் ஊர் ஈரப்பதத்தின் வேலை. டப்பாவை இறுக மூடி, சிலிக்கா ஜெல்லுடன் வையுங்கள். மழை பெய்யும் மாலையில் திறந்து போடாதீர்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து: எத்தனை டிகிரியில் வேகவைக்க வேண்டும்?

177 செல்சியஸ். மேலே எழுதியிருக்கிறேன்.

தோ பாயோவிலிருந்து: ஏர் ஃபிரையரில் வைக்கலாமா?

அதில் இனிச் சமைப்பதில்லை என்றாலும் வேண்டாம். உருகாத பொடியை விசிறி ஊதிவிடும். சமைப்பீர்கள் என்றால் ஜூரோங் வெஸ்ட் அன்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

காலாங்கிலிருந்து: சிவப்பு உலோக நிறம், நீல உலோக நிறம் எப்படி? சிவப்புப் பொடியில் வெள்ளிப் பொடியைக் கலந்தால் இளஞ்சிவப்புச் சேறாக வருகிறது.

கலக்காதீர்கள், அடுக்குங்கள். வெள்ளியை மெல்லியதாகப் பூசி, பத்து நிமிடம்போல அரைவேக்காடாக வேகவைத்து, அதன்மேல் கேண்டி என்று விற்கப்படும் ஒளி ஊடுருவும் சிவப்பைப் போடுங்கள். ஒளி சிவப்பைக் கடந்து வெள்ளியில் பட்டுத் திரும்பும்போதுதான் அந்த ஆழம் வரும். துணியில் கறை படாத வெள்ளிதான் இதற்கு ஏற்றது. பச்சோந்திபோல நிறம் மாறும் மைக்கா நிறமி என்றால் அடியில் கறுப்புப் பளபளப்புப் பூச்சு வேண்டும்; வெள்ளையின்மேல் போட்டால் அது இருக்கும் இடமே தெரியாது. கடையில் விற்கும் ஜிக்கில் இருக்கும் கண்ணாடிப் பளபளப்பைப் பொடியில் தேட வேண்டாம். அது முலாமாகவோ, சூட்டில் ஒட்டிய மினுமினுப்புத் தாளாகவோ இருக்கும்.

சிராங்கூனிலிருந்து: பீகாக் பாஸ் மீனுக்குத் தங்க நிறம் நல்லதா, வெள்ளியா? நீர்த்தேக்கத்தில் ஜிக்கோடு உயிர் இறாலும் மாட்டலாமா?

முதல் கேள்வியை மீன் பிடிக்கிறவர்களிடம் கேளுங்கள். இரண்டாவதற்கு: நீர்த்தேக்கத்தில் செயற்கை இரை மட்டுமே, அதுவும் குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே. பொதுப் பயனீட்டுக் கழகத்தின் அறிவிப்புப் பலகை அங்கேயே இருக்கிறது.

கிளமெண்டியிலிருந்து: வெந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரப்பர் புழு மாட்டிய இடத்தில் பூச்சு பிசுபிசுக்கிறது.

வேகவில்லை. மென்மையான ரப்பர் புழுவில் இருக்கும் எண்ணெய், வேகாத பூச்சை இளக்கிவிடும். தொகுதிக்கு ஒரு ஜிக்கைப் பலிகொடுத்து, ஆறிய பிறகு சுத்தியலால் ஓங்கி அடியுங்கள். ஈயம் நசுங்கும், பூச்சு அதனோடு வளைந்து கொடுத்தால் வெந்துவிட்டது, சில்லுச் சில்லாகத் தெறித்தால் மற்றவற்றைத் திரும்ப ஓவனில் வையுங்கள். நேரத்தை ஓவனை மூடிய நிமிடத்திலிருந்து எண்ணாதீர்கள், ஜிக்கே 177ஐ எட்டியதிலிருந்து எண்ணுங்கள். 40 கிராம் ஜிக் அந்தச் சூட்டை எட்டுவதற்கு 7 கிராம் ஜிக்கைவிட அதிக நேரம் பிடிக்கும். ஜிக்கின் கண்ணில் (தூண்டில் நரம்பு கட்டும் வளையத்தில்) அடைத்த பூச்சை, ஓவனில் ஏற்றுவதற்கு முன் பொடி இளஞ்சூடாக இருக்கும்போதே ஊசியால் குத்தி எடுத்துவிடுங்கள். வெந்த பிறகு துரப்பணம்தான் போட வேண்டியிருக்கும்.