சரி என்றால் சம்மதமா?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 31. எங்கள் குடியிருப்பில் பதினாறு பேர் சேர்ந்து தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். இந்த ஆண்டு என்னைத் தலைவனாக்கிவிட்டார்கள். கூட்டத்தில் எதைக் கேட்டாலும் எல்லாரும் ‘சரி’ என்கிறார்கள். வீட்டுக்குப் போனதும் வாட்ஸ்அப்பில் சண்டை. இரவு பன்னிரண்டு மணிக்கு ‘யாரைக் கேட்டு முடிவு பண்ணினீர்கள்?’ என்று செய்தி வருகிறது. எல்லாரையும் கேட்டுத்தானே செய்தேன்?
– ஒரு வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: தம்பி, பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ‘எனக்கு இது பிடிக்கவில்லை’ என்று நம் ஆட்கள் வாய் திறப்பார்களா? நாற்காலியை மடக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார்கள். முன்பு அது அதோடு போகும். இப்போது வாட்ஸ்அப் இருக்கிறது.

எனக்கும் இது நடந்தது. பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் எங்கள் பந்தல். நான் பொறுப்பெடுத்த இரண்டாம் ஆண்டு, எவர்சில்வர் டம்ளர்களை விட்டுவிட்டுக் காகிதக் கோப்பைக்கு மாறலாம் என்றேன். கழுவ ஆள் இல்லை, சாலையோரம் சேறாகிறது, நியாயமான காரணம்தான். “எல்லாருக்கும் சரியா?” “சரி லா அக்கா.” ஐந்து நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. தே தாரேக் குடித்துவிட்டுக் கலைந்தோம். என் தலைமையைப் பற்றி எனக்கே ஒரு பெருமை.

தைப்பூசத்தன்று விடியற்காலையில், வேனில் ஐஸ் கொண்டுவர வேண்டிய பெரியவர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. பதினொரு மணிக்கெல்லாம் மோரும் ரோஸ் சிராப்பும் வெதுவெதுப்பாகிவிட்டன. காவடி எடுத்து வருகிறவர்களுக்கு அதை நீட்ட என் கை கூசியது. ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அவர் பேசவில்லை, அவர் மனைவிதான் சொன்னார். அந்த டம்ளர்களில் நாற்பது, அவருடைய அம்மா தவறிய ஆண்டு அவர் வாங்கிக் கொடுத்தவை. ஒவ்வொன்றின் அடியிலும் அம்மா பெயர் பொறித்திருந்தது. எத்தனையோ வருடம் அந்த டம்ளர்களில் மோர் ஊற்றியிருக்கிறேன், ஒன்றைக்கூடக் கவிழ்த்துப் பார்த்ததில்லை.

இத்தனைக்கும், கேட்பது எப்படி என்று எனக்குச் சம்பளம் கொடுத்துச் சொல்லித்தந்திருந்தார்கள். நான் 1981இல் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் சேர்ந்தவள். பினாங்குப் பாலம் திறந்தது 1985இல்தான். அதுவரை பட்டர்வொர்த்தில் ஃபெர்ரி ஏறி, அக்கரையில் தொழிற்சாலை பஸ் பிடிக்க வேண்டும். அப்புறம் லைன் லீடர் ஆனேன். என் லைனில் இருபத்திரண்டு பெண்கள்: மலாய்க்காரர், சீனர், நம்மவர். ஷிப்ட் நேரத்தை மாற்ற வேண்டி வந்தபோது, நேரே கூட்டம் போடலாம் என்று கிளம்பினேன். ஜப்பானிய மேற்பார்வையாளர் தடுத்தார். “முதலில் நெமவாஷி” என்றார்.

‘நெ’ என்றால் அவர்கள் மொழியில் வேர். ‘மவாஷி’ சுற்றிவருவது. பெரிய மரத்தை இடம் மாற்றுவதென்றால் முன்கூட்டியே அதைச் சுற்றித் தோண்டி, தடித்த வேர்களை நறுக்கி விட்டுவைப்பார்களாம். புதிதாகச் சல்லி வேர் பிடித்த பிறகுதான் பெயர்ப்பார்கள், அப்போதுதான் போன இடத்தில் மரம் பிழைக்கும். அலுவலகத்தில் அதற்கு அர்த்தம், கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரையும் தனியாகப் பார்த்துப் பேசுவது. கேன்டீனில், லாக்கர் பக்கத்தில், பஸ் நிறுத்தத்தில் என்று நான்கு நாள் சுற்றினேன். பால் குடிக்கும் குழந்தையை அக்காவிடம் விட்டு வரும் பெண், மாலை மதக் கல்வி வகுப்புக்குப் பிள்ளையைக் கொண்டுவிடும் பெண் என்று கூட்டத்தில் வாய் திறக்காத ஏழெட்டுக் கதைகள் வந்தன. ஷிப்ட் அட்டவணையை இரண்டு முறை திருத்தினேன். கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்தது. அது நிஜமான பத்து நிமிடம்.

தொழிற்சாலையில் செய்ததைப் பந்தலில் ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். நம் சனம்தானே, தெரியாதா என்ற நினைப்புதான்.

இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே, முடிவு யார் தலையில் விழுமோ அவர்களையும், எப்போதும் பேசாதவர்களையும் போய்ப் பார்க்கிறேன். ‘சரியா?’ என்று கேட்பதே இல்லை. “இதில் உங்களுக்கு எது ஒத்துவராது?” என்று கேட்கிறேன். அந்தக் கேள்விக்கு ‘சரி லா’ என்று பதில் சொல்ல முடியாது பாருங்கள். அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லி, “இதுதானே சொல்கிறீர்கள்?” என்பேன். பாதி நேரம் “இல்லம்மா, அது இல்லை” என்பார்கள். அதற்குப் பிறகு வருவதுதான் விஷயம். அந்த இடத்தில் நான் என் பக்கத்து நியாயத்தை எடுத்து வைப்பதில்லை. நாக்கு துடிக்கும், அடக்க வேண்டும்.

கூட்டத்தில் வட்டமாக உட்கார்ந்து முறை வைத்துப் பேசுவோம். எங்கள் தொழிற்சாலைத் தரக் குழுக்களில் அப்படித்தான் பழக்கம். ஒருவர் பேசும்போது இன்னொருவர் வெட்டக்கூடாது, சொல்ல ஒன்றுமில்லை என்றால் ‘பாஸ்’ சொல்லலாம். வயதில் சின்னவர்களிடம் ஆரம்பிக்கிறேன், பெரியவர் பேசிவிட்டால் சின்னவர் மாற்றிப் பேசத் தயங்குவார். நான் கடைசி. எல்லாருக்கும் பிடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. ‘எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கூட நிற்பேன்’ என்றால் எனக்குப் போதும். ‘என்னால் முடியவே முடியாது’ என்பவர், என்ன செய்தால் முடியும் என்று சொல்ல வேண்டும். முடிவை அங்கேயே தாளில் எழுதி உரக்கப் படித்துக் காட்டி, அன்றிரவே வாட்ஸ்அப்பில் போட்டுவிடுவேன். ஆட்சேபம் சொல்ல மூன்று நாள். நடுராத்திரிச் செய்திக்கு நான் பதில் போடுவதில்லை, அது கிடக்கட்டும்.

ஒன்றில் மட்டும் கவனம். தனித்தனியாகப் போய்ப் பேசும்போது ஆளுக்கொரு கதை சொல்லிவிட்டால் அதற்குப் பெயர் கோள்மூட்டுவது. அதனால் “நீங்கள் சொன்னதைக் கூட்டத்தில் நான் சொல்லலாமா?” என்று அங்கேயே கேட்டுவிடுகிறேன்.

டம்ளர் என்ன ஆயிற்று என்கிறீர்களா? மறு ஆண்டு, நடந்து போகிறவர்களுக்குக் காகிதக் கோப்பை, பந்தலில் நாற்காலி போட்டு உட்காரும் வயதானவர்களுக்கு டம்ளர். யோசனை அவருடையது. கழுவுவதும் அவர்தான், வேறு யாரையும் தொட விடமாட்டார். ஐஸ் நான்கரை மணிக்கே வந்துவிடுகிறது.

கேள்வி: எவ்வளவு பேசியும் ஒத்துவரவில்லை என்றால் கை தூக்கச் சொல்லி ஓட்டு எடுக்கலாமா?
– ஒரு வாசகி, செபராங் ஜெயா

பதில்: எதற்கு என்பதைப் பொறுத்தது. பொறுப்பாளர் தேர்வு, கணக்கு போன்றவற்றுக்கு ஓட்டுத்தான் நல்லது. 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிந்த சங்கமாக இருந்தால், உங்கள் சட்டவிதியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். ‘எல்லாரும் ஒத்துக்கொண்டோம்’ என்று அங்கே கை கழுவ முடியாது.

ஆனால் மீகூனா (அரிசி நூடுல்ஸ்), கடலைச் சுண்டலா என்பதை ஒன்பதுக்கு ஏழு என்று ஜெயித்து என்ன செய்வீர்கள்? விடியற்காலை நான்கு மணிக்குக் கேரட் நறுக்க அந்த ஏழு பேரும் வர வேண்டும். என் லைனில் இருந்த ஒரு மலாய்க்கார அக்கா அடிக்கடி சொல்வார்: “பூலாட் ஆயிர் கெரானா பெம்பெத்தோங், பூலாட் காத்தா கெரானா முவாபாக்காட்.” குழாய்க்குள் ஓடும் நீர் உருண்டையாகும், கலந்து பேசினால் பேச்சு உருண்டையாகும். மலாயில் ‘பூலாட்’ என்றால் உருண்டை, ஒருமனது என்றும் அர்த்தம். நெகிரி செம்பிலான்காரர் அவர். அங்கே உண்டாங்குகள் என்னும் நான்கு வட்டாரத் தலைவர்கள் கூடித்தான் மாநில ஆட்சியாளரையே தேர்ந்தெடுக்கிறார்கள், முவாபாக்காட் அவர்களுக்குப் பரம்பரைப் பழக்கம்.

கேஸ் சிலிண்டர் எங்கே வைப்பது, ஒயர் எப்படி இழுப்பது என்பதற்கு நான் கலந்து பேசுவதும் இல்லை, ஓட்டு எடுப்பதும் இல்லை. தெரிந்தவரைக் கேட்டு நானே சொல்லிவிடுவேன். அதில் யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும்.

கேள்வி: எங்கள் அடுக்குமாடி நிர்வாகக் குழுவுக்கு நான் தலைவர். ஒரு அங்கிள் எந்தக் கூட்டம் போட்டாலும் முக்கால் மணி நேரம் அவரே பேசுகிறார். எப்படி நிறுத்துவது?
– ஒரு வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: நிறுத்தாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். உங்களுக்கு நேர் எதிரே உட்காரும்வரை அவர் உங்களோடு வாதாடிக்கொண்டே இருப்பார். பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள். முகம் பார்க்க முடியாமல் பாதி வேகம் குறையும். பேச்சு தொடங்கும் முன் எல்லாருக்கும் ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, ஐந்து நிமிடம் எழுதச் சொல்லி வாங்கிப் படியுங்கள். அவருடையதும் அதில் ஒன்று.

அப்புறம், பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்தவர்களுக்கு 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி பொதுக்கூட்டத்தில் ஓட்டு இல்லை. அங்கிள் கட்டிவிட்டாரா என்று பாருங்கள். கட்டாமல் இருந்தால் கூட்டத்தில் சொல்லாதீர்கள், மாலையில் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அவ்வளவு பேசுகிறவர் சொல்லாத ஏதோ ஒன்று அங்கே இருக்கலாம்.