கையால பண்ற பெரிட்டோனியல் டயாலிசிஸ்ல இருந்து நைட் மெஷினுக்கு மாறலாமா?

அம்மாவுக்கு பெரிட்டோனியல் டயாலிசிஸ் (வயித்துக்குள்ள திரவம் விட்டு, வடிச்சு ரத்தத்த சுத்தம் பண்றது) ஒரு நாளைக்கு நாலு பை கையால மாத்துறோம், நைட்டு தூங்கும்போது அதை தானா பண்ற மெஷின் வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. எங்கப்பாவுக்கு மாத்தினோம், அதை வச்சு சொல்றேன்.

முதல்ல பெட் டெஸ்ட் (PET, வயித்து சவ்வு எவ்வளவு வேகமா கடத்துதுன்னு பாக்குற டெஸ்ட், ஸ்கேன் இல்ல) ரிசல்ட் என்னன்னு டாக்டர்கிட்ட கேளுங்க. வயித்து சவ்வு வேகமா கடத்துற ஆளுக்கு மெஷின் நல்லா ஒத்துப்போகும், ஏன்னா அவங்களுக்கு திரவம் ரொம்ப நேரம் உள்ள நின்னா அதுல இருக்குற குளுக்கோஸ் உடம்புக்குள்ள போயிடும், அப்புறம் தண்ணிய இழுக்காது, மெஷின் அதுக்குள்ள வடிச்சிட்டு புதுசா நிரப்பிடும். சவ்வு மெதுவான ஆளுக்கு நைட் மட்டும் பத்தாம போகலாம், பகல்லயும் ஒரு பை வயித்துல விட்டு வைக்க சொல்வாங்க.

நைட்டு 8ல இருந்து 10 மணி நேரம் மெஷினோடயே படுத்திருக்கணும், பாத்ரூம் பக்கத்துல இருக்கான்னு பாத்துக்கோங்க. முதல் வாரம் அலாரம் அடிச்சு தூங்கவே விடாது (எங்கம்மா அதை மாமியார்னு பேர் வச்சிட்டாங்க). பாதி நேரம் டியூப் உடம்புக்கடில மடங்கியிருக்கும், இல்லன்னா மலச்சிக்கல், அதனால திரவம் வடியாது. கடைசியா வடியும்போது வயிறு சுருக்குன்னு இழுத்தா டைடல் மோட் (ஒவ்வொரு தடவையும் முழுசா வடிக்காம கொஞ்சம் திரவத்த வயித்துலயே விட்டு வைக்கிறது) போட முடியுமான்னு கேளுங்க, அப்பாவுக்கு அதுலதான் சரியாச்சு.

ஒரு முக்கியமான விஷயம், வடிஞ்ச திரவம் நேரா டிரெய்ன்ல போயிட்டா கலங்கலா இருந்தாலும் தெரியாது, காலைல கண்டிப்பா பாத்துடுங்க, கலங்கியிருந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி. கரண்ட் போனா கையால பண்ண கொஞ்சம் பை எப்பவும் ஸ்டாக் வச்சுக்கோங்க.