டான் ஜியோவானிக்கு கோட் சூட் மாட்டிவிட்டா கதை மாறிடுமா?

பாட்டுல ஒரு வரிகூட மாறாதுங்க, ஆனா நாம அவனப் பாக்குற பார்வை மாறிடும். மோட்சார்ட் இசையில 1787ல பிராக் நகரத்துல முதல்ல மேடையேறின ஓபரா (பாட்டாவே நடக்குற நாடகம்) இது, எத்தனை பொண்ணுங்கள ஏமாத்தினாலும் துளிகூட வருத்தப்படாத ஒருத்தனோட கதை. ஸ்பெயின்ல மட்டும் 1003 பேருன்னு வேலைக்காரன் லெபொரெல்லோ லிஸ்ட் படிக்கிறப்போ பழைய மேடையில எல்லாரும் சிரிப்பாங்க, ஏதோ மைனர் குஞ்சு லீலை மாதிரி. 2023ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவுல டைரக்டர் ஈவோ வான் ஹோவ இதை புது தயாரிப்பா பண்ணாரு, சாம்பல் கலர் கான்கிரீட் கட்டடங்க, இன்னைக்கு போடுற டிரெஸ், ஹீரோவா பீட்டர் மத்தேய். ஆரம்பத்துல அவன் ஏமாத்தப் பாத்த ஒரு பொண்ணோட அப்பாவ அவன் கொல்றது ஒரிஜினல்ல வாள் சண்டை, இங்க துப்பாக்கி, அவ்ளோதான், சண்டைன்னா ரெண்டு பக்கமும் சான்ஸ் இருக்கு, இது பச்சைக் கொலை. அதுக்கப்புறம் அந்த லிஸ்ட்டுக்கு எப்படிங்க சிரிப்பு வரும்? கடைசியில அவன் நரகத்துக்குப் போனதும் அந்தக் கட்டடங்களோட வறண்ட ஜன்னல்கள்ல பூச்செடி வந்துடும், எனக்கு அது கொஞ்சம் ஓவராத்தான் பட்டுச்சு.