சீசனின் முதல் பத்து ஆட்டங்களில் கிளப் முதலிடத்தில் இருந்தால் கோப்பைக் கனவு காணலாமா?

கனவு காண்பதற்குக் காசா பணமா! ஆனால் இங்கிலாந்தின் முதல்நிலை கால்பந்துப் போட்டியான பிரீமியர் லீக்கில், 2023-24 சீசனில், டாட்டன்ஹாமைப் பாருங்கள். புதுப் பயிற்சியாளர் ஆஞ்சே போஸ்டகோக்ளூவின் கீழ் பத்து ஆட்டங்களில் 26 புள்ளிகள், தோல்வியே இல்லை. நவம்பர் 6 அன்று சொந்த மைதானத்தில் செல்சியுடன் ஆட்டம். டாட்டன்ஹாம் வீரர்கள் ரொமேரோ, உடோகி இருவருக்கும் சிவப்பு அட்டை; அதே அணியின் மேடிசனும் வான் டி வெனும் காயத்தோடு வெளியேறினர். 1-4 தோல்வி. அந்த ஆட்டத்தையும் சேர்த்து ஐந்தில் கிடைத்தது ஒரே ஒரு புள்ளி. கடைசியில் ஐந்தாம் இடம்.

ஆகவே, புள்ளிப் பட்டியலைவிட பெஞ்சில் மாற்று வீரர்களாக யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நல்ல தொடக்கம் வீண் என்றும் சொல்ல மாட்டேன். 2008-09-இல் ஹல் சிட்டி முதல் ஒன்பது ஆட்டங்களில் 20 புள்ளிகள் எடுத்தது. மீதி 29 ஆட்டங்களில் வெறும் 15! அந்த ஆரம்பச் சேமிப்புதான் அவர்களைத் தரமிறக்கத்திலிருந்து, அதாவது கீழ்நிலை லீக்குக்குத் தள்ளப்படுவதிலிருந்து, காப்பாற்றியது.